மறுமொழி: தாளுக்கே உரிய கண்ட்ரோலுக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்பர்களுக்கு வணக்கம். விரிதாளில் நாம் தொட்டு இயக்கும் பொத்தான், பட்டியல் போன்றவற்றை ஆங்கிலத்தில் கண்ட்ரோல் என்கிறார்கள். அவற்றில் ஒரு தாளுக்கு மட்டும் உரியதற்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். அதற்கு ஓர் அன்பர் எழுதியது:

> 'தாள்நிலை ஊடாடு கட்டுப்பாடு' என்றே வைத்துக்கொள்வோமே. பொருள் விளங்குகிறதல்லவா?

விளங்கவில்லை ஐயா. எக்செல்லில் ஒரு மழை அறிக்கை, மாவட்டத்துக்கு ஒரு தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாள்தோறும் ஆண்டைத் தேர்ந்தெடுக்க ஒரு காம்போ பாக்ஸ், அதாவது தொட்டால் கீழே விரியும் பட்டியல். பட்டியலில் மூன்றாவது ஆண்டைத் தொட்டால், அதனோடு இணைத்த கலத்தில் (செல்லில்) 3 என்ற எண் விழும். அதை வைத்து வரைபடம் மாறும். இனி அந்தத் தாளைப் பூட்டுங்கள். இணைத்த கலமும் பூட்டுக்குள் சிக்கியிருந்தால் காம்போ பாக்ஸ் வேலை செய்யாது, பிழைச்செய்திதான் வரும். இதைக் கையேட்டில் எழுதும்போது 'தாளின் கட்டுப்பாடு தாள்நிலைக் கட்டுப்பாட்டைத் தடுக்கிறது' என்று வந்து நிற்கிறது. படிப்பவர் என்ன செய்வார்? விலைக் கட்டுப்பாடு, உணவுக் கட்டுப்பாடு என்று வழங்கும் சொல் அது. தடையைத்தான் சொல்லும்.

இலங்கைப் பாடநூல்களில் மின்சுற்றின் சுவிட்சை 'ஆளி' என்கிறார்கள். சின்னச் சொல், ஆளியை, ஆளியில், ஆளிகள் என்று வேற்றுமைக்கும் பன்மைக்கும் நன்றாக வளைகிறது. ஆள்வது ஆளி என்பதால் பொத்தான், பட்டியல் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக விரிக்கலாம். 'ஊடாடு' என்ற அடையும் தேவைப்படாது. ஆளிவிதையோடு குழம்பும் என்று அஞ்ச வேண்டாம், விரிதாளில் அதற்கு வேலையில்லை.

'நிலை'யையும் விட்டுவிடலாம். இங்கே கேள்வி, ஆளி யாருக்கு உரியது என்பது. ஆக்டிவ்எக்ஸ் என்பது எக்செல்லில் நிரல் எழுதி இயக்கும் கண்ட்ரோல் வகை. அந்த வகைப் பொத்தானின் நிரல் அந்தத் தாளின் நிரல் பகுதியிலேயே இருக்கிறது. தாளைப் படியெடுத்தால் நிரலும் கூடவே போகும். தரவை வடிகட்டும் பொத்தான்களின் தொகுப்பான ஸ்லைசர் அப்படியன்று. ஒரே தரவிலிருந்து எழுந்த பிவட் அட்டவணைகள் (தரவைத் தொகுத்துக் காட்டுபவை) வெவ்வேறு தாள்களில் இருந்தாலும், இணைத்துவிட்டால் அத்தனையையும் சேர்த்து வடிகட்டும். முன்னது தாள் ஆளி, பின்னது அறிக்கை ஆளி. 'தாளாளி' என்று சேர்த்தெழுதினால் பள்ளித் தாளாளர் நினைவுக்கு வருவார், இடம்விட்டே எழுதுவோம்.

பொத்தான், தேர்வுப்பெட்டி போன்ற தனிப்பெயர்கள் அப்படியே இருக்கட்டும். ஸ்க்ரோல் பாருக்குத்தான் இன்னும் நல்ல பெயர் அமையவில்லை. 'உருள்பட்டை' பக்கத்தை நகர்த்துவதற்குப் பொருந்தும். கலத்திலுள்ள எண்ணைக் கூட்டிக் குறைக்கும் ஆளிக்கு எப்படிப் பொருந்தும்? உங்கள் பரிந்துரைகளை அனுப்புங்கள்.