ஹிப்போகேம்பஸ் சுருங்குது சரி, செல் எங்கே செத்தது?

முகிலன்: "தொடர்ந்து அவமானமும் ஒதுக்கலும் அனுபவிச்சா கார்டிசால் ஏறி ஹிப்போகேம்பஸ் நரம்பணுக்கள் செத்துப்போகும், திரும்ப வராது" — இது கதிரவன் நேத்து எழுதினது. (கார்டிசால்னா மன அழுத்தத்தில் சுரக்கிற ஹார்மோன், ஹிப்போகேம்பஸ்னா நினைவுக்கான மூளைப் பகுதி.) மனச்சோர்வில் இருக்கிறவர் இதைப் படிச்சா என்ன ஆவார்? எலிகளைத் தினம் 6 மணி நேரம், 21 நாள் அடைச்சு வெச்ச சோதனையில் ஹிப்போகேம்பஸின் சிஏ3 பகுதி நரம்பணுக்களோட டென்ட்ரைட் (சேதி வாங்குற) கிளைகள்தான் குட்டையாச்சு. அணு சாகலை. அடைக்கிறதை நிறுத்தினதும் கிளை மறுபடி வளர்ந்தது.

கதிரவன்: எலியை விடுங்க, குரங்குக்கு வாங்க. 1989இல் ஊனோ, சபோல்ஸ்கி குழு கென்யாவில் இறந்த வெர்வெட் குரங்குகளைப் பார்த்தாங்க. நீடிச்ச சமூக அழுத்தம், இரைப்பைப் புண். ஹிப்போகேம்பஸில் அணுச் சிதைவு தெளிவா இருந்தது. இது சாவு இல்லையா?

முகிலன்: சாகிற அளவுக்கு நோய்ப்பட்ட விலங்குகள் அவை. அதையே எல்லா மனுஷருக்கும் பொருத்துறது அநியாயம். மர மூஞ்சூறில் (மரத்தில் வாழுற சின்னப் பாலூட்டி) தோற்ற ஆணை ஜெயிச்ச ஆணோட 28 நாள் எதிர்ப்பட வெச்சுப் பார்த்தாங்க. அணு எண்ணிக்கை குறையலை. செல் எங்கே செத்தது?

செவ்வந்தி: ரெண்டு பேரும் ஹிப்போகேம்பஸைவிட்டு நகர மாட்டீங்களா? பெங்களூரில் சுமந்திர சட்டர்ஜி குழு காட்டினது: அதே அழுத்தம் அமிக்டலாவில், அதாவது பயத்தைக் கையாளுற மூளைப் பகுதியில், நரம்பணுக் கிளைகளை வளர்க்குது. 21 நாள் ஓய்வு கொடுத்தும் அது பழைய நிலைக்கு வரலை. பயமும் பதற்றமும் ஏன் ஒட்டிக்கிட்டே இருக்குன்னு இதிலிருந்துதான் யோசிக்கணும்.

கதிரவன்: பாருங்க முகிலன், "நிறுத்தினா சரியாகும்"னு சொன்னது போச்சு.

முகிலன்: நான் ஹிப்போகேம்பஸைச் சொன்னேன். அமிக்டலாவில் கிளை வளருது. வளர்ச்சியைக் காட்டி சாவை நிரூபிப்பீங்களா? செல் எங்கே செத்தது?

இளவேனில்: 2002 இரட்டையர் ஆய்வையும் பாருங்க. போருக்குப் போய் பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கிற மனப் பாதிப்பு) வந்தவருக்கு ஹிப்போகேம்பஸ் சின்னது. போருக்கே போகாத அவரோட இரட்டையருக்கும் சின்னதுதான். அப்போ சிறிய அளவு முன்னாடியே இருந்திருக்கலாம்.

கதிரவன்: போர் எப்படிங்க சமூக அழுத்தம் ஆகும்? தலைப்பை மாத்தாதீங்க. உமிழ்நீரில் கார்டிசாலை அளந்தாலே ஒதுக்கப்பட்டவர் நிலைமை தெரிஞ்சுடும்.

முகிலன்: தெரியாது. கண் விழிச்ச 30–45 நிமிஷத்தில் கார்டிசால் தானாவே உச்சத்துக்குப் போகும். காலையில் ஒரு தடவை எடுத்தா அது விழிப்பின் அளவா, அவமானத்தின் அளவான்னு பிரிக்க முடியாது. ஆய்வகத்தில் சமூக அழுத்தத்தை உண்டாக்கிப் பார்க்கிற ட்ரையர் சோதனையை மதியத்துக்கு மேல் வைக்கிறது அதனாலதான். முகத்தில் சலனமே காட்டாத நடுவர்கள் முன்னாடி 5 நிமிஷம் பேச்சு, 5 நிமிஷம் 1022இலிருந்து 13, 13ஆகக் கழிக்கிறது, தப்பினா முதல்லேர்ந்து. முடிஞ்சு 10–20 நிமிஷத்தில்தான் உமிழ்நீரில் உச்சம் தெரியும். வாயில் ரத்தக் கசிவு இருந்தா அளவு கெட்டுப்போகும். இதெல்லாம் பார்க்காம ஒரு எண்ணை வெச்சுத் தீர்ப்பு சொல்றது போன மாசம் செரோட்டோனின் விவாதத்தில் நீங்க செஞ்ச அதே வேலை.

கதிரவன்: செரோட்டோனினை ஏன் இழுக்கிறீங்க? அன்னைக்கு பதில் சொல்லாம ஓடினது யாரு?

செவ்வந்தி: சண்டையை விடுங்க. 2004இல் 208 ஆய்வுகளைத் தொகுத்தப்போ கார்டிசாலை அதிகம் ஏத்தினது ரெண்டும் சேர்ந்த சூழல்: மத்தவங்க நம்மை எடைபோடுறது, நம்ம கையில் எதுவும் இல்லாதது. ஒருத்தருக்கு உதவணும்னா அதில் எதைக் குறைக்க முடியும்னு பேசுங்க.

முகிலன்: பேசலாம், முதல்ல அந்த வரி நீங்கட்டும். குஷிங் நோய்னு ஒரு ஹார்மோன் கோளாறு, அதில் கார்டிசால் வருஷக்கணக்கில் ஏறியே இருக்கும். சிகிச்சைக்கப்புறம் ஹிப்போகேம்பஸ் அளவு கூடுதுன்னு 1999இலேயே காட்டியாச்சு. செத்தது எப்படிங்க பெருக்கும்?

கதிரவன்: வெர்வெட் குரங்குக்குப் பதில் சொல்லுங்க. வரியை நீக்க மாட்டேன்.

முகிலன்: சொல்லியாச்சு. மேலே போய்ப் படிங்க.