பழைய காருக்கு பானட் பின் போடலாமா? நம்ம உப்புக்காத்துல தாங்குமா?

உச்சிப்புளி_பையன்

வணக்கம் அண்ணன்மாரே. அப்பா ஓட்டிட்டிருந்த பழைய பெட்ரோல் காரு இப்ப என் கையில இருக்கு, இருபது வருசம் தாண்டின வண்டி, இஞ்சின்ல ஒரு குறையும் இல்ல. பிரச்சினை பானட்டுதான். ராமேஸ்வரம் போகும்போது ஒண்ணும் தெரியல, திரும்பி வரும்போது பாம்பன் பாலத்துல ஏறி மண்டபம் பக்கம் இறங்குறதுக்குள்ள பானட்டோட முன் ஓரம் எழும்பி எழும்பி அமருது, அதுவும் கச்சான், அதான் மேலக்காத்து, அடிக்கிற நேரம்னா கண்ணு ரோட்டுல இல்ல, பானட்டு மேலயே இருக்கு. லாக்கு விழுது, கையால இழுத்தா திறக்கல, ஆனா ஆட்டிப் பாத்தா டக்கு டக்குன்னு ஆடுது.

ராலி வண்டியில ரெண்டு பின்னு மேல நீட்டிட்டு கிளிப் மாட்டியிருப்பாங்கல்ல, அந்த செட்டு ஆன்லைன்ல பாத்தேன். ரெண்டு பின்னு, ரெண்டு தட்டு, கிளிப்பு, வயரு எல்லாம் சேர்ந்து வருது. பெயிண்டர்கிட்ட கேட்டா அரை நாள் வேலை, டிரில் போட்டு மாட்டிறலாம்னு சொல்றாரு. எனக்கு பயம் என்னன்னா நல்லா இருக்கிற பானட்டுல ஓட்டை போட்டா நம்ம ஊர் காத்துக்கு அங்கிருந்தே துரு பிடிச்சு தின்னுறாதா? போட்டவங்க யாராச்சும் சொல்லுங்க.

ராம்நாடு_டிங்கர்

தம்பி, பின்னு வாங்குறதுக்கு முன்னாடி பானட்டத் தூக்கி டார்ச் அடிச்சுப் பாருங்க. லாக்கு உக்காந்திருக்கிற முன்பட்டி, ரேடியேட்டர மேல பிடிச்சிருக்கிற அந்த குறுக்குத் தகடு, அத ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டிக்கிட்டே போங்க. கணீர்னு கேட்டா தகடு நல்லாருக்கு, சொத்துன்னு கேட்டா பெயிண்டுக்கு உள்ள துருதான் நிக்குது. பின்னு எம்புட்டு தடியா இருந்தாலும் அது நட்டு போட்டு நிக்கப்போறது அந்தத் தகட்டுலதான், தகடு போச்சுன்னா பின்னும் பானட்டும் சேர்ந்தே கண்ணாடிக்கு வரும். நம்ம பக்கம் வண்டியில மேல பளபளன்னு இருக்கும், அடியில முன்பட்டிதான் முதல்ல போகும், ஏன்னா காத்து நேரா கிரில் வழியா உப்பக் கொண்டாந்து அங்கதான் அப்புது.

ரெண்டாவது, டக்கு டக்குன்னு ஆடுறது பாதி வண்டியில லாக்கோட தப்பே இல்ல. முன்பட்டியில ரெண்டு ஓரத்துலயும் ரப்பர் ஸ்டாப்பர் இருக்கும், திருகினா ஏறி இறங்கும். அது காஞ்சு சுருங்கிட்டா இல்ல ஒண்ணு விழுந்துட்டா பானட்டுக்கு அடியில முட்டு கிடையாது, லாக்கு பிடிச்சிருந்தாலும் ஆட்டம் வரும். ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி வச்சு மூடிப் பாருங்க. மூடுறப்ப லேசா அழுத்தம் கேட்டா சரியான உயரம்.

பாலத்துல மட்டும் ஏன் தூக்குதுன்னா, நீங்க மண்டபம் பக்கம் வரும்போது மேற்க பாத்து வர்றீங்க, கச்சான் எதுக்க வருது. வண்டி 60ல போகுது, காத்து 40ல வருதுன்னு வைங்க, பானட்டுக்கு அது 100 கிலோமீட்டர் வேகம். தூக்குற விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 60க்கும் 100க்கும் கிட்டத்தட்ட மூணு மடங்கு வித்தியாசம். அதனாலதான் ஊருக்குள்ள ஓட்டுறப்ப தெரியாத ஆட்டம் அங்க தெரியுது.

பாம்பன்_போட்_மெக்கானிக்

டிங்கர் அண்ணன் சொன்னதுதான் சரி. நான் ஆன்லைன் செட்ட பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா போட்டுல தினமும் இந்த நட்டு போல்டோடதான் நமக்கு பொழப்பு.

விலை கம்மியான செட்டுல பாதி, இரும்பு இல்லேன்னா ஜிங்க் கலவை மேல குரோம் பூசினது. குரோம்ல ஒரு கீறல் விழுந்தா போதும், அதுக்கு அடியில பரவும். எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு போட்டிருந்தாலும் 304 கிரேடா 316 கிரேடான்னு கேளுங்க. 304ம் நல்ல சரக்குதான், கடல் இல்லாத ஊர்ல பிரச்சினை இல்ல, ஆனா கடல் உப்புல பழுப்பா டீ கறை மாதிரி புள்ளி புள்ளியா வரும். 316ல மாலிப்டினம் சேர்ந்திருக்கு, உப்ப அது நல்லா தாங்கும், அதான் போட்டு சாமானுக்கு அத கேட்டு வாங்குறோம். காந்தம் வச்சுப் பாத்து ஒட்டினா டூப்ளிகேட்டுன்னு சொல்லுவாய்ங்க, அத அப்படியே நம்பாதீங்க, கம்பிய இழுத்து வளைச்ச கிளிப்புல நல்ல 304 கூட லேசா ஒட்டும்.

இன்னொன்னு, எஸ்எஸ் போல்ட்டுல எஸ்எஸ் நட்டு போட்டு வெறும மெஷின் ஸ்பேனரால வேகமா ஏத்தினா மரை ரெண்டும் பிடிச்சு வெல்டு ஆன மாதிரி நின்னுரும், அப்புறம் அறுத்துதான் எடுக்கணும். மரை பிடிக்காம இருக்க தடவுற ஆன்டி சீஸ் பேஸ்ட் தடவி கையால ஏத்துங்க. சின்ன டப்பா வாங்கினா உங்க பேரன் காலம் வரைக்கும் வரும்.

உச்சிப்புளி_பையன்

பாத்துட்டேன்ணே. நடுவுல, இடது பக்கம் கணீர்னு இருக்கு. வலது மூலையில ஹெட்லைட்டுக்கு மேல உள்ளங்கை அகலத்துக்கு சொத்துன்னு கேக்குது, ஸ்க்ரூ டிரைவர் முனையால குத்தினா உள்ள போகுது. ஒரு ஸ்டாப்பர் இல்லவே இல்ல. அதுபோக லாக்கு விட்டதுக்கு அப்புறம் பிடிக்கிற ரெண்டாவது கொக்கி, கைய விட்டுத் தூக்குவமே அது, ஸ்பிரிங் செத்துப் போய் தொங்குது. இந்தக் கடைசி விசயம்தான் பயமா இருக்கு, தெரியாம ஓட்டிட்டு இருந்திருக்கோம் எல்லாரும்.

கீழக்கரை_ரைடர்

ப்ரோ அந்த ரெண்டாவது கொக்கிய சரி பண்ணாம தயவு செஞ்சு பாலத்துல ஏறாதீங்க. பின்னு விசயத்துல நான் எதிர்ப்பு, காரணம் சொல்றேன். 2017 டிசம்பர்ல வண்டி முன்னாடி புல் பார், அதான் பம்பருக்கு மேல மாட்டுற இரும்புக் கம்பி, மாட்டக்கூடாதுன்னு மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதுச்சு, அதுல சொன்ன காரணமே நடந்து போறவங்களுக்கும் வண்டியில இருக்கவங்களுக்கும் ஆபத்துங்கிறது. மேல துருத்திட்டு நிக்கிற பின்னும் ஒருத்தர் மேல மோதுனா அதே கதைதான். அதுபோக மோட்டார் வாகனச் சட்டம் 52ம் பிரிவு, வண்டி தயாரிச்சவன் குடுத்த விவரத்துக்கு மாறா மாத்தக்கூடாதுங்குது, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அத உறுதி பண்ணிருச்சு. இன்சூரன்ஸ்காரன் கேள்வி கேக்குறதுக்கு ஒரு வாய்ப்பு நாமளா ஏன் குடுக்கணும். கேட்டுட்டு போடுங்க.

ராலியில அது கட்டாயம், அங்க ஒரிஜினல் லாக்க கழட்டிட்டோ வேலை செய்யாம பண்ணிட்டோ குறைஞ்சது ரெண்டு பின்னு போடணும்னு எஃப்ஐஏ, அதான் கார் ரேஸுக்கான உலக அமைப்பு, அதோட விதியிலயே இருக்கு. வெளிய நிக்கிறவனும் சட்டுன்னு திறக்கணும் அங்க. நம்ம வண்டி பாரதி நகர் முக்குல நிக்கிறப்ப யாரும் சட்டுன்னு திறக்கக்கூடாது, பேட்டரி போயிரும் 😄

ராம்நாடு_டிங்கர்

ரைடர் தம்பி சொன்னது நியாயம். என் கடைக்கு வந்தா நான் செய்யிற வரிசை, வலது மூலையில அழுகின தகட்ட வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு வெல்டு, மேல பேஸ்ட் அப்பி மறைக்கிற வேலை கிடையாது. அடுத்து கொக்கி ஸ்பிரிங்கோட லாக் செட்டு, ரெண்டு ஸ்டாப்பரும் புதுசு. இதுக்கப்புறம் ஒரு கச்சான்ல ஓட்டிப் பாருங்க, முக்காவாசிப் பேருக்கு பின்னு ஞாபகமே வராது. அப்பவும் மனசு கேக்கலைன்னா பின்னு போடலாம், ஆனா ஒரிஜினல் லாக்க கழட்டக்கூடாது, பின்னு கூடுதல் காவலுக்கு மட்டும்.

போடுறதா இருந்தா பெயிண்டர் அரை நாள்னு சொன்னாருல்ல, அதுல எனக்கு உடன்பாடு இல்ல. டிரில் போடுறது அரை மணி நேரம், ஓட்டைய காப்பாத்துற வேலைக்குத்தான் நாள் ஆகும், பெயிண்ட் காயணும்ல.

முதல்ல பின்ன முன்பட்டியில நிறுத்தணும், பட்டிக்கு மேலயும் கீழயும் அகலமான வாஷர் வச்சு நட்டு, நேரா நிக்கணும். பட்டியில ஒத்தத் தகடா இருக்கிற இடமாப் பாக்காம ரெண்டு தகடு சேர்ந்து மடிச்ச இடமாப் பாருங்க, ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் இடிக்காம. அப்புறம் பின்னு தலையில குங்குமத்த எண்ணெயில குழைச்சு ஒரு பொட்டு வச்சுட்டு பானட்ட மெல்ல இறக்குங்க, அடியில அச்சு விழும், அதுதான் உங்க இடம். ஸ்கேல வச்சு ரெண்டு பக்கமும் நடுவுல இருந்து சமமா இருக்கான்னு பாக்கணும், ஒரு பக்கம் தள்ளி விழுந்தா பின்ன நகட்டுங்க, ஓட்டைய நகட்ட முடியாது.

இங்கதான் நிறைய பேர் சொதப்புறாங்க. பானட்டு ஒரே தகடு கிடையாது, மேல் தகடு ஒண்ணு, அடியில எலும்பு மாதிரி உள் தகடு ஒண்ணு, நடுவுல வெறும் இடம். அந்த வெறும் இடத்துக்கு மேல தட்ட வச்சு இறுக்கினா மேல் தகடு குழிஞ்சிரும். ரெண்டு தகட்டுக்கும் நடுவுல சரியான நீளத்துல ஒரு குழாய்த் துண்டு வெட்டி வைக்கணும், அப்பதான் இறுக்கினாலும் குழியாது.

ஓட்டைய அடியிலிருந்து 3 எம்எம் பிட்டுல முதல்ல போட்டு, அப்புறம் மேல மாஸ்கிங் டேப் ஒட்டி ஸ்டெப் பிட்டுல பைய அகலப்படுத்துங்க. 12 எம்எம் பின்னுக்கு 15, 16 வரைக்கும் விடலாம், பானட்டு பின்னாடி கீலுல வளைஞ்சு இறங்குறதால டைட்டா விட்டா மூடுறப்ப பின்னு உரசும். டிரில் தூள ஒண்ணு விடாம ஊதி துடைச்சிருங்க, ராத்திரி ஈரக்காத்துல விட்டா காலையில பெயிண்டு மேல செம்பொட்டா நிக்கும். ஓட்டை விளிம்ப ஃபைல் போட்டு வழவழன்னு ஆக்கி, உள் தகட்டையும் சேத்து ஜிங்க் பிரைமர் ரெண்டு கோட்டு, காஞ்சதும் கலரு, அது காஞ்சதும்தான் தட்டு. தட்டுக்கு அடியில ரப்பர் இல்லேன்னா பிளாஸ்டிக் கேஸ்கெட்டு கண்டிப்பா இருக்கணும், எஸ்எஸ்ஸும் பானட் இரும்பும் நேரா தொட்டுட்டு உப்புத் தண்ணி நடுவுல நின்னா அரிக்கப்படுறது பானட்டுதான், எஸ்எஸ் தப்பிச்சுக்கும். சில செட்டுல தட்ட மாட்ட சின்ன சின்ன ஸ்க்ரூ நாலு குடுத்திருப்பான், அந்த நாலும் நாலு ஓட்டை, நான் அத போட மாட்டேன்.

கடைசியா உயரம். கிளிப் போட்டப்புறம் பானட்டு ஸ்டாப்பர லேசா அமுக்கிட்டு இருக்கணும், கிளிப்ப விரல்ல சுத்தினா சுத்தணும், ஆனா ஆடக்கூடாது. நட்டு ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு இறுக்கி நிறுத்துங்க.

உச்சிப்புளி_பையன்

அண்ணே இதெல்லாம் பெயிண்டர்கிட்ட காட்டினா ஓடிருவாரு 😅 முதல்ல மூலையும் லாக்கும் பாத்துர்றேன். போட்டதுக்கு அப்புறம் பராமரிப்பு என்ன? தனுஷ்கோடிக்கு சொந்தக்காரங்கள கூட்டிட்டு அடிக்கடி போற வண்டி. மேல தெரியாம அமுங்கி இருக்கிற பட்டன் டைப்பும் பாத்தேன், அது பரவாயில்லையா?

பாம்பன்_போட்_மெக்கானிக்

பட்டன் டைப் நடந்து போறவங்களுக்கு நல்லது, பாக்கவும் அழகு. ஆனா தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை போற ரோட்டுல ரெண்டு பக்கமும் கடலு, காத்துல மணல் பறந்து வருது, அந்தக் குழிக்குள்ள மணலும் உப்பும் போய் உக்காந்தா பட்டன் உள்ளயே நின்னுக்கும். வாங்கினா அடிக்கடி தண்ணி அடிச்சு கழுவ சோம்பல் படக்கூடாது.

பராமரிப்பு பெருசா ஒண்ணும் இல்ல. தனுஷ்கோடி போய்ட்டு வந்த அன்னைக்கே நல்ல தண்ணியில பின்னு, தட்டு, கிளிப்பு மேல ஊத்தி கழுவுங்க, அடியில முன்பட்டிக்கும் சேத்து. நல்ல தண்ணி, போர் தண்ணி நம்ம பக்கம் பல இடத்துல அதுவே உப்பு, அதுல கழுவி என்ன பிரயோஜனம். காஞ்சதும் பின்னு மேல மெல்லிசா ஒரு பூச்சு, கெட்டி கிரீஸ அப்பாதீங்க, மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். மாசத்துக்கு ஒரு தடவை நட்ட தொட்டுப் பாருங்க, கிளிப்பு இளகி சும்மா உருவிட்டு வந்தா தூக்கிப் போட்டுட்டு புதுசு. ஒரு ஜோடி ஸ்பேர் டேஷ்போர்டுல கிடக்கட்டும். வருசத்துக்கு ஒரு தடவை தட்ட கழட்டி அடியில பாக்கணும், மழைக்கு முன்னாடி, புரட்டாசியில பாத்துட்டா நல்லது.

கிளிப்பு தொலையாம கட்டி வைக்க செட்டோட வர்ற வயரு, மேல பிளாஸ்டிக் உறை போட்டது, அத நம்பாதீங்க. உறைக்குள்ள உப்புத் தண்ணி போனா வெளிய வராது, வெளிய பாத்தா புதுசு, உள்ள கம்பி பொடிப்பொடியா இருக்கும், காத்துல ஆடி பானட்டு பெயிண்ட்டையும் கீறும். அதுக்குப் பதிலா வலைக்கு போடுற நைலான் கயிறு ஒரு சாண் போதும், முனைய தீயில காட்டி முடிச்சு போட்டுக்கங்க.

உச்சிப்புளி_பையன்

கயிறு வீட்லயே கிடக்குண்ணே. 316 கிளிப் தனியா கிடைக்குமா?

பாம்பன்_போட்_மெக்கானிக்

போட்டு சாமான் விக்கிற கடையில கேளுங்க, ஆர் பின்னுன்னா குடுப்பாங்க, ட்ராக்டர் ட்ரெய்லர் கொக்கியில போடுறதும் அதே வடிவம்தான், ஆனா அது சாதா இரும்பு, மாத்தி வாங்கிறாதீங்க. பின்னையும் கையோட கொண்டு போங்க, ஓட்டை அளவு ஒவ்வொரு செட்டுக்கும் ஒவ்வொண்ணு.