தாங்க்ஸ்கிவிங்குக்கு இரண்டு விருந்தாளிகள் வருகிறார்கள், ஒரு வான்கோழி வேண்டும்

சான் ஆன்டோனியோ மக்களே, ஓர் உதவி. லாக்லாண்ட் விமானப்படைத் தளத்தில் பயிற்சியில் இருக்கும் இரண்டு பேரை இந்த வருடம் தாங்க்ஸ்கிவிங் (வான்கோழி விருந்து வைக்கும் நவம்பர் பண்டிகை) அன்று எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடப் பெயர் கொடுத்திருக்கிறோம். அமெரிக்க விமானப்படையில் சிப்பாயாகச் சேரும் எல்லோருக்கும் அடிப்படைப் பயிற்சி இங்கேதான், ஏழரை வாரம் (ஏழரை என்றதும் என் மாமியார் சிரித்துவிட்டார்). பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பிள்ளைகள், பலருக்கு வீட்டை விட்டு வந்த முதல் பண்டிகை.

சிக்கல் என்னவென்றால் நாங்கள் சுத்த சைவம், வீட்டு அடுப்பில் முட்டைகூட ஏறியதில்லை, அதுக்காக அந்தப் பிள்ளைகளுக்கு சாம்பார் சாதம் போட்டு அனுப்ப மனசு வரவில்லை. யாராவது வான்கோழி சுட்டுத் தருவீர்களா? செலவு என்னுடையது, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். முடிந்தால் நீங்களும் குடும்பத்தோடு வந்துவிடுங்கள். அப்புறம் நாலு மடக்கு நாற்காலியும் தேவை.

முன்னால் இப்படிக் கூப்பிட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: காரம் எவ்வளவு தாங்குவார்கள்? மதுபானம் கூடாது, சொன்ன நேரத்துக்குள் தளத்தில் கொண்டுபோய் விட வேண்டும், அதெல்லாம் தெரியும். வந்ததும் முதலில் கேட்பது சாப்பாடு இல்லை, அம்மாவுக்குப் பேச ஃபோன்தான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், அதனால் மாடி அறையைக் காலி பண்ணி, இரண்டு வகை சார்ஜரும் வைத்துவிட்டேன். வான்கோழிதான் பாக்கி.