கூட்டுப் பயிற்சியில் ரேடாரை அடக்கி வாசிப்பது சரியா?

நொய்யல்:
2024 ஆகஸ்டில் சூலூரில் பல நாட்டு விமானப்படைகளின் கூட்டுப் பயிற்சியான தரங் சக்தியின் முதல் கட்டம் நடந்தபோது வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு மொட்டை மாடியில் நின்று பார்த்தவன் நான். ஜெர்மனி, ஸ்பெயின், பிரிட்டன் டைஃபூன்கள், பிரான்ஸின் ரஃபேல்கள், கூடவே நம் சுகோய், தேஜஸ். இரண்டு நாள் காது அடைத்துப்போனது. ஆனால் இத்தனை எரிபொருளை எரித்துப் பறக்கிறவர்கள் ரேடாரை முழுத் திறனில் போடுவதே இல்லையாமே? 2008-ல் அமெரிக்காவின் நெல்லிஸ் தளத்தில் நடந்த ரெட் ஃபிளாக் என்ற போர்ப் பயிற்சிக்குப் போன நம் 8 சுகோய்களும் ரேடாரைப் 'பயிற்சி நிலை'யில்தான் வைத்திருந்தன. விமானங்கள் தங்களுக்குள் தகவலைத் தானாகப் பரிமாறிக்கொள்ளும் டேட்டா லிங்க் கிடையாது. எதிரி ரேடாரைக் குழப்பத் தூவும் உலோகத் துகள், வெப்ப ஏவுகணையைத் திசைதிருப்பும் ஃபிளேர், இரண்டையும் பயன்படுத்தவில்லை. போலிச் சண்டையில் சொந்தக் கூட்டாளியையே சுட்டதாகக் கணக்கு வந்தது. ஓர் அமெரிக்க அதிகாரி அதைக் கிண்டலடித்த வீடியோ யூடியூபில் கசிந்து மானம் போனது. பாதியை ஒளித்துவைத்துக்கொண்டு பயிற்சிக்கு ஏன் போக வேண்டும்?

பழைய கார்ப்பரல்:
தம்பி, நான் தரைப் பிரிவில் ரேடார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த வீடியோவை வேதவாக்காக எடுக்காதீர்கள். சுகோயின் எஞ்சின் பெயரையே தப்பாகச் சொன்ன ஆள் அவர்.

விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி படுத்திருக்கிறீர்கள், தெருவில் வண்டி போகிறது. புல்லட்டா டிவிஎஸ் எக்ஸ்எல்லா என்று எழுந்து பார்க்காமலே சொல்வீர்கள். அதே தெருவில் பத்து வருடம் இருந்தவர் என்றால், எந்த வீட்டுப் புல்லட், சைலன்சர் மாற்றினானா இல்லையா என்பது வரை சொல்வார். ரேடாரும் அப்படித்தான். எந்த அதிர்வெண், நொடிக்கு எத்தனை துடிப்பு, ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நீளம், தேடும்போது கற்றை எப்படி வீசுகிறது, குறியைப் பூட்டியதும் எப்படி மாறுகிறது என்பதெல்லாம் சேர்ந்தால் அதன் குரல். ஒரு தடவை நன்றாகப் பதிவு செய்துவிட்டால் அதை அடையாளம் காணவும், எதிர் அலை அனுப்பிக் குழப்பி ஜாம் செய்யவும் வழி தேடலாம். எத்தனை கிலோமீட்டர் பார்க்கும் என்பது விளம்பரத் தாளிலேயே இருக்கிறது, அதை யாரும் மறைக்கவில்லை. மறைப்பது குரலை. போருக்கென்றே ஒதுக்கி வைத்த சில முறைகள் எல்லா நாட்டிடமும் உண்டு. விருந்தாளி முன்னால் அதைப் போட மாட்டார்கள்.

மின்னல்கொடி:
கார்ப்பரல் சார், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? நம் சுகோயில் இருக்கும் அதே 'பார்ஸ்' ரேடார் குடும்பம் மலேசியாவிடமும் இருக்கிறது. 2014-ல் அந்த மலேசிய சுகோய்கள் பட்டர்வொர்த்தில் அமெரிக்க எஃப்-22 கூடவே பறந்தன. ரஃபேல்? கத்தாரும் வாங்கியிருக்கிறது. 2021-ல் துருக்கியின் கோன்யாவில் நடந்த பயிற்சிக்குக் கத்தார் ரஃபேலும் போனது, பாகிஸ்தானின் ஜேஎஃப்-17-ம் போனது. நாம் வீட்டுக் கதவைப் பூட்டுகிறோம், பின்வாசல் சாவியைக் கடைக்காரரே நாலு பேருக்கு விற்றிருக்கிறார்.

தப்பித்தவறி இதுவும் போதவில்லை என்றால் ஆட்கள் இருக்கிறார்கள். சோவியத் பொறியாளர் டோல்காசேவ் வருடக்கணக்காக ரேடார் ரகசியங்களை சிஐஏவுக்குக் கொடுத்தார். 1985-ல் பிடிபட்டு அடுத்த வருடம் மரண தண்டனை. எந்தப் பயிற்சியில் யார் ரேடாரை அடக்கியிருந்தால் அது தடுக்கப்பட்டிருக்கும்?

பழைய கார்ப்பரல்:
பெட்டி ஒன்றாக இருக்கலாம், மூளை ஒன்றல்ல. நம் சுகோய்க்கு ரேடார் கணினி, மிஷன் கணினியெல்லாம் டிஆர்டிஓ செய்து கொடுத்தது. அந்தத் திட்டத்துக்கு வைத்த பெயர் தெரியுமா? வெற்றிவேல்! (எந்த முருக பக்தர் வைத்தாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.) எதை எதிரி என்று காட்டுவது, எந்த முறைக்கு எப்போது மாறுவது என்பதெல்லாம் மென்பொருளில் இருக்கிற சமாச்சாரம். நாட்டுக்கு நாடு வேறாக வைக்கலாம்.

ஆள் விற்கிற கதை சொன்னீர்கள். அது என் பக்கம்தான் பேசுகிறது. 1976 செப்டம்பரில் பெலென்கோ மிக்-25-ஐ ஓட்டிக்கொண்டு போய் ஜப்பானின் ஹகோடாதேயில் இறக்கினார். அமெரிக்கர்கள் பிரித்துப் பார்த்தார்கள், உள்ளே பழைய காலத்து வால்வு வைத்த ரேடார். அப்புறம் சோவியத் என்ன செய்தது? மிக்-25-க்கு வேறு ரேடார் போட்டுப் புது வகையே கொண்டுவர வேண்டியதாயிற்று. ரகசியம் போனால் விலை அவ்வளவு.

கணக்குப்பிள்ளை:
இடையில் நானும். எல்லாரும் நம்மை மட்டும் சொல்கிறீர்கள், எதிர்த்தரப்பு மட்டும் திறந்த புத்தகமா? 2004 பிப்ரவரியில் குவாலியரில் அமெரிக்காவோடு கோப் இந்தியா பயிற்சி. அலாஸ்காவிலிருந்து 6 எஃப்-15 வந்தன. அவர்களின் அலாஸ்கா தளத்தில், கற்றையை மின்னணு முறையில் திருப்பும் புது ஏசா ரேடார் பொருத்திய எஃப்-15 சில இருந்தன, அதில் ஒன்றைக்கூட அனுப்பவில்லை. தொலைதூர ஏவுகணைச் சண்டைக்கும் வரம்பு போட்டார்கள். எண்ணிக்கையிலும் நம் பக்கம் அதிகம். பிறகு 90 சதவீதத்துக்கு மேல் தோற்றோம் என்று அவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரே பேசினார். புது எஃப்-22 விமானத்துக்குக் காசு கேட்கிற நேரத்தில் தோல்விக்கும் ஒரு மார்க்கெட் உண்டு! நம் ஊடகம் அதை வைத்து ஒரு வருடம் ஓட்டியது.

2015-ல் பிரிட்டனில் டைஃபூனை 12-0 என்று வென்றதாக நம்மவர்கள் சொன்னதும், அவர்கள் அப்படியெல்லாம் இல்லை என்றதும் இதே ரகம். ஸ்கோரை நம்பாதீர்கள்.

எஃப்-35 படத்தை உற்றுப் பாருங்கள், முதுகில் சின்னக் குமிழ் தெரியும். ரேடார் அலையை வேண்டுமென்றே திருப்பி அனுப்பும் பொருள். ஒளியத் தெரிந்த விமானத்தின் கழுத்தில் மணி கட்டி அனுப்புகிறார்கள், அதன் உண்மையான உருவத்தை யாரும் அளந்துவிடக் கூடாது என்று.

நொய்யல்:
மணி கட்டுவது புரிகிறது. ஆனால் நண்பனைச் சுட்ட கணக்கு? அது மறைத்ததன் விலைதானே?

பழைய கார்ப்பரல்:
பாதி. முக்கியக் காரணம் டேட்டா லிங்க். அவர்கள் திரையில் யார் நண்பன் என்று தானாக வந்து விழுகிறது. நம் கருவி அவர்கள் கருவியோடு பேசாது, நம்மவர் ரேடியோவில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ரேடாரை முழுசாகப் போட்டிருந்தாலும் அந்தக் குழப்பம் இருந்திருக்கும். முழு நிலையில் சண்டை பழக நமக்குக் குவாலியரில் டாக்டே என்ற விமானப்படைப் போர்த்தந்திரப் பள்ளி இருக்கிறது.

மின்னல்கொடி:
அங்கேதான் சார் இடிக்கிறது. குவாலியரில் நம் சுகோய் யாரோடு மோதும்? நம் மிராஜ், நம் மிக்-29. அதாவது நம் குரலை நாமே கேட்டுக்கொண்டிருப்போம். விமானி அறையில் இருக்கிற எச்சரிக்கைக் கருவியை யோசித்துப் பாருங்கள். சின்ன வட்டத் திரை, எதிரி ரேடார் தொட்டதும் ஒரு குறியீடு, காதில் ஒரு ஒலி. அந்த ஒலிக்கு இடமா வலமா என்று உடம்பு தானாகத் திரும்ப வேண்டும். அந்நிய ரேடார் உண்மையாகத் தொடும்போதுதான் அந்தப் பழக்கம் வரும். அவர்களும் அடக்கி, நாமும் அடக்கினால் இரண்டு பேரும் பொய் ஒலிக்குப் பழகுகிறோம். பயிற்சியில் இல்லாத கை சண்டை அன்று வருமா?

பழைய கார்ப்பரல்:
இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். சிமுலேட்டரில் கொஞ்சம் ஈடுகட்டலாம், கொஞ்சம்தான். ஆனால் கூட்டுப் பயிற்சியில் கற்பது ரேடார் மட்டும் இல்லை. நாற்பது விமானத்தை ஒரே வானத்தில் முட்டாமல் கலப்பது, அந்நிய டேங்கரில் எரிபொருள் எடுப்பது, ஸ்பானியர் பேசுகிற ஆங்கிலத்தை ரேடியோவில் புரிந்துகொள்வது. இதெல்லாம் காட்டினாலும் நஷ்டமில்லாத சரக்கு.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் 2025 மே மாதச் சண்டையில்...

நொய்யல்:
அண்ணே, அதற்குத் தனி இழை திறங்கள், இங்கே வேண்டாம். திறந்தால் முப்பது பக்கம் ஓடும்.

மின்னல்கொடி:
நான் மாறவில்லை. அடக்கி வாசிக்கிறவர் எத்தனை முறையை எடுத்துவைக்கலாம் என்பதைப் பயிற்சிக்குப் போகிற விமானியிடமும் கேட்டு முடிவெடுக்க வேண்டும். உளவுப் பிரிவிடம் மட்டும் கேட்டால் எல்லாவற்றையும் பூட்டத்தான் சொல்வார்கள்.

பழைய கார்ப்பரல்:
அதில் எனக்கும் சண்டை இல்லை, தம்பி.