கடல் உடும்பு கடலிலா வாழ்கிறது?

கரும்பாறை: "கலாபகஸ் கடல் உடும்புதான் கடலில் வாழும் ஒரே பல்லியினம்" என்று பசிபிக் தீவுக்கூட்டத்துப் பிராணி ஒன்றைப் பற்றி நேற்று மீன்கொத்தி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். வாழ்கிறதா? எரிமலைப் பாறைமேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து வெயில் காய்கிறது. தூங்குவது கரையில், முட்டையிடுவது கரையில். ஹோட்டலில் சாப்பிடுகிறவன் ஹோட்டலிலா குடியிருக்கிறான்?

மீன்கொத்தி: கடல் ஆமையும் கரையில்தான் முட்டையிடுகிறது. அதைக் கரை ஆமை என்பீர்களோ? நீந்தத் தட்டையான வால், பாசி சுரண்டித் தின்ன மொண்ணை மூக்கு, தும்மித் தும்மி உப்பைத் தள்ள ஒரு சுரப்பி. தலையெல்லாம் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். இத்தனையும் வெயில் காயவா?

கரும்பாறை: உறுப்புப் பட்டியல் யார் கேட்டது? வாழ்கிறதா என்று கேட்டேன். 1835இல் டார்வின் ஒன்றைப் பிடித்துத் திரும்பத் திரும்பத் தண்ணீரில் வீசினார். ஒவ்வொரு தடவையும் அவர் நின்ற இடத்துக்கே நீந்தி வந்தது. பயந்தால்கூடக் கடலுக்குள் ஓடாத கடல்வாசி!

நீலக்கால்: முதலில் அது உடும்பே இல்லை, இகுவானா என்ற வேறு பல்லி வகை. உறவு பார்த்தால் ஓணானுக்குத்தான் நெருக்கம்.

மீன்கொத்தி: வந்துவிட்டார் பெயர் வைக்க. கரும்பாறை, 1982-83இல் எல் நினோ வந்து கடல் சூடாகிப் பாசி அழிந்ததும் அவை கூட்டம் கூட்டமாகச் செத்தது ஏன்? அப்படிப்பட்ட பஞ்ச காலத்தில் உடம்பு நீளமே குறைகிறது, எலும்பு உட்பட. கடல் கைவிட்டால் அதற்குப் பிழைப்பில்லை.

கரும்பாறை: பிழைப்பு வேறு, வாழ்வது வேறு தம்பி. ஆழத்தில் மூழ்கி மேய்வதும் பெரிய ஆண்கள்தான். பெண்களும் குட்டிகளும் நீர் வற்றும்போது வெளியே தெரிகிற பாறையில் தின்றுவிட்டுத் திரும்பிவிடும். இரவு எங்கே தூங்குகிறது? அதைச் சொல்லுங்கள்.

மீன்கொத்தி: தம்பி எல்லாம் வேண்டாம். போன மாதம் "பூமத்திய ரேகைக்கு வடக்கே பெங்குவினே கிடையாது" என்று சாதித்தது யார்? ரேகையைத் தாண்டி நிற்கும் கலாபகஸின் இசபெலாத் தீவு வடமுனையைக் காட்டியதும் ஆளையே காணோம்.

கரும்பாறை: ஊரில் இல்லை, அவ்வளவுதான். நாலு பெங்குவின் கோட்டைத் தாண்டியதற்கு இவ்வளவு கொண்டாட்டமா?

நீலக்கால்: ஓணான் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கரும்பாறை: ஓணானே என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு எங்கே தூங்குகிறது?

மீன்கொத்தி: கரையில். ஆனால் ஆமையும்...

கரும்பாறை: ஆமையை விட்டுவிட்டுப் பேசுங்கள்.