தஞ்சை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம்: கார் எடுக்காமல் மூன்று நாளில் முடியுமா?

செங்கழுநீர்:
நானும் அக்காவும் தை மாதம் கோவையிலிருந்து போவதாக இருக்கிறோம். கைவசம் மூன்று நாள். தங்கல், சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 3,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. விசாரித்த இடமெல்லாம் கார் வாடகையே அதற்கு மேல் கேட்கிறார்கள். சாமி கும்பிட்டுத் திரும்புவது மட்டும் நோக்கமில்லை, சிற்பமும் கல்வெட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டும். எதை எந்த வரிசையில் வைத்துக்கொள்வது?

வெட்டாறு:
தாராளமாக முடியும். மூன்று பெரிய கோயில்களிலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. கோயில்கள் மதியம் 12, 12:30க்கு நடை சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். இது தெரியாமல் திட்டம் போடுகிறவர்கள் மூடிய கதவின் முன் நான்கு மணி நேரம் நிற்க நேரும். பிறகு நேரத்தைப் பிடிக்க டாக்ஸி ஏறுவார்கள், பணம் அங்கேதான் கரையும். அதனால் தூரத்தை விட்டுவிட்டு நடை திறக்கும் நேரத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள்.

முதல் நாள் மதியத்துக்குள் தஞ்சாவூர். பழைய பேருந்து நிலையம் பக்கம் அறை எடுங்கள், பெரிய கோயிலும் அரண்மனையும் அங்கிருந்து நடை தூரம். வெளியூர் பஸ் பல புதிய பேருந்து நிலையத்தில் இறக்கிவிடும், அங்கிருந்து டவுன் பஸ். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆட்டோ தேவையே இல்லை. அறை எடுக்கும்போது செக்-அவுட் 24 மணி நேரமா, மதியம் 12 மணியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 24 மணி நேரக் கணக்கென்றால் அதிகாலை 5க்கு வந்தவர் மறுநாள் 5க்குக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு நாள் வாடகை.

மாலை 4 மணிக்குப் பெரிய கோயில். மறுநாள் காலை 6 மணிக்கு மறுபடியும் அதே கோயில். அதைப் பார்க்க ஒரு வேளை போதாது. 10 மணிக்கு அரண்மனைக் கலைக்கூடம், 3 மணிக்குக் கும்பகோணம் பஸ், சுமார் 40 கி.மீ. இரண்டாம் இரவு அங்கே. மூன்றாம் நாள் விடியலில் கங்கைகொண்ட சோழபுரம், மாலை தாராசுரம்.

பிரதோஷ நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்று மாலை நந்தி அபிஷேகத்துக்குக் கூட்டம் நெரியும், அதிட்டானத்துக்கு (கோயிலின் கல் அடிப்பீடம்) பக்கத்தில் நின்று கல்வெட்டில் ஒரு வரி படிக்க முடியாது.

தளிச்சேரி:
தை மாதம் என்றால் கல்வெட்டு பார்க்க நல்ல காலம். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். காலை 7:30, 8 மணி வாக்கில் வெயில் பெரிய கோயிலின் தெற்குச் சுவரில் பக்கவாட்டாக விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கி, ஒவ்வொரு எழுத்தும் எழும்பி நிற்கும். உச்சி வெயிலில் அதே கல் வெறும் சொரசொரப்பாகத்தான் தெரியும். வடக்குப் பக்கத்துக்கு ஒரு சின்ன டார்ச் எடுத்துப் போங்கள். நேராக அடிக்காமல், சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்தின் மேல் சுண்ணாம்பும் மாவும் பூசிப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் தயவுசெய்து தடுங்கள், கல் கெட்டுவிடும்.

தான் கொடுத்ததையும் அக்கன் கொடுத்ததையும் பெண்டுகள் கொடுத்ததையும் 'கல்லிலே வெட்டுக' என்று ராஜராஜன் சொன்னது அந்தக் கோயில் சுவரில்தான் இருக்கிறது. அந்த அக்கன் அவன் தமக்கை குந்தவை. கருவறையைச் சுற்றிய உள் நடையில் இருக்கும் சோழர் ஓவியங்களைப் பொதுமக்கள் பார்க்க விடுவதில்லை. வெளிமுற்றத்தைச் சுற்றிய திருச்சுற்று மாளிகையில் உள்ள விளக்கக் கூடத்தில் அவற்றின் படங்கள் இருக்கின்றன, தவறவிடாதீர்கள்.

கருவறைமேல் எழும் கோபுரமான விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்லும் ஆளிடம் காசு கொடுக்க வேண்டாம். காலையில் விமானத்துக்கு மேற்கே போய் நில்லுங்கள், நிழல் தரையில் நீண்டு கிடக்கும்.

கலைக்கூடத்தில் நேரம் குறைவென்றால் திருவெண்காட்டு ரிஷபவாகனர் (காளைமேல் சாய்ந்து நிற்கும் சிவன்) முன்னால் மட்டும் அரை மணி நேரம் நில்லுங்கள். 1011ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. காளை இப்போது இல்லை. ஆனாலும் காலை மாற்றி ஊன்றி, இல்லாத காளைமேல் கையைப் போட்டுச் சாய்ந்திருக்கும் அந்த ஒய்யாரத்தில் காளையின் உயரம்கூடத் தெரியும். தலைப்பாகை போல் சுற்றிய சடையைப் பின்பக்கமும் போய்ப் பாருங்கள். அரண்மனை வளாகத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி டிக்கெட். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றுக்கும் வாங்க வேண்டும் என்பதில்லை.

அணைக்கரை_பஸ்:
மூன்றாம் நாளில் ஒரு சிக்கல் உண்டு, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் நடத்துனரிடம் வெறுமனே 'சோழபுரம்' என்று கேட்காதீர்கள். திருப்பனந்தாள் போகும் வழியிலேயே சோழபுரம் என்று வேறு ஊர் இருக்கிறது, அங்கே இறக்கிவிடுவார். 'கங்கைகொண்ட சோழபுரம்' என்று முழுப் பெயரும் சொல்லுங்கள். அணைக்கரை வழியாக ஜெயங்கொண்டம் போகும் பஸ், ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். காலை 6 மணிக்குள் ஏறினால் நடை சாத்துவதற்குள் நிதானமாகப் பார்க்கலாம்.

கோயிலின் வடக்குப் பக்கத்தில், அடியார் சண்டேசரின் தலையில் சிவன் மாலை சுற்றும் சிற்பம் இருக்கிறது. சண்டேசர் கைகூப்பித் தலை குனிந்திருக்கும் பணிவை எட்ட நின்று பார்த்தால் பிடிபடாது, கிட்டப் போக வேண்டும். நேரம் மிஞ்சினால் 2 கி.மீ. தள்ளி மாளிகைமேடு. ராஜேந்திரன் அரண்மனையின் செங்கல் அடித்தளம் மட்டும்தான் அங்கே இருக்கிறது. குடிநீரைக் கையில் எடுத்துப் போங்கள்.

தாராசுரத்தில் எல்லோரும் தேர்ச் சக்கரத்தோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 63 நாயன்மார் கதைகள் மூலக்கோயிலின் வெளிப்புற அதிட்டானத்தில், சின்னச் சின்னச் சிற்பங்களாகத் தரையை ஒட்டி இருக்கின்றன. குந்தி உட்கார்ந்தால்தான் தெரியும். முற்றம் சாலையைவிடத் தாழ்வு, ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் தேங்கும். தையில் அந்தத் தொல்லை இராது.

செங்கழுநீர்:
மிக்க நன்றி. இரண்டாம் நாள் 3 மணிக்குப் பஸ் ஏறினால் கும்பகோணம் சேர்வதற்குள் வழியில் வேறு ஏதாவது பார்க்க முடியுமா?

தளிச்சேரி:
முடியும். அய்யம்பேட்டைக்கு முன்னால் பசுபதிகோயிலில் இறங்கிப் புள்ளமங்கைக்கு நடந்துவிடுங்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில். எருமைத் தலைமேல் நிற்கும் துர்க்கையும், கீழே உள்ளங்கை அகல ராமாயணச் சிற்பங்களும் இருக்கின்றன. சின்ன ஊர், பூட்டியிருந்தால் குருக்கள் வீட்டைக் கேட்டுத் திறக்கச் சொல்லுங்கள், தட்டில் மறக்காமல் ஏதாவது போடுங்கள். எக்ஸ்பிரஸ் பஸ் அங்கே நிற்காது, எல்லா ஊரிலும் நின்று போகும் பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள்.