மகளைப் பறிகொடுத்தவன் மனைவியைக் கொன்றால்: துக்கமா, ஆத்திரமா?

கெடிலக்கரையான்:
எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு கொலையை முன்வைத்து இந்தத் திரியைத் தொடங்குகிறேன். ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தெரிந்தவர்கள் தெரு, பெயர் எதையும் போடாதீர்கள்.

கணவன் லாரி டிரைவர். ஒரு பெண், ஒரு பையன். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதில் காய்ச்சல் வந்தது, மூன்றே நாளில் போய்விட்டாள். அதன் பிறகு மனைவி பாண்டிச்சேரியில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். அங்கே ஒருவரோடு பழக்கம். அது கணவனுக்குத் தெரிந்துவிட்டது. பெண்ணின் இரண்டாம் வருடத் திதிக்குச் சில நாள் இருக்கும்போது மனைவியைக் கத்தியால் குத்திவிட்டு, தானே ஸ்டேஷனுக்கு நடந்து போனான். இப்போது கடலூர் கேப்பர் மலை ஜெயிலில் இருக்கிறான்.

கொலை தப்பு, அதில் பேச்சே இல்லை. ஆனால் அவனை எனக்கு நெடுநாளாகத் தெரியும். கோழி அறுக்கும் இடத்தில்கூட நிற்க மாட்டான். செத்துப்போன பெண்ணின் சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி, வாரா வாரம் துடைத்து, டயருக்குக் காற்றடித்து வைப்பான். ஓட்ட ஆளில்லாத சைக்கிள். அப்படிப்பட்டவனை மனைவியும் கைவிட்டால் மனசு எங்கே போய் நிற்கும்? அவனைக் கொலைகாரன் ஆக்கியது அந்தத் துக்கம்தான் என்பது என் கட்சி.

வண்டிப்பாளையத்துக்காரி:
சைக்கிளுக்குக் காற்றடித்தவரின் துக்கம் புரிகிறது. அந்தப் பெண்ணைப் பத்து மாதம் சுமந்தவளின் துக்கம் எங்கே போயிற்று? உங்கள் பதிவில் அவளுக்கு இருப்பது ஒரு துணிக்கடை வேலையும் ஒரு பழக்கமும் மட்டும்தான். இரண்டு பேரும் ஒரே பிள்ளையைத்தான் பறிகொடுத்தார்கள். அவள் யாரைக் குத்தினாள்?

கெடிலக்கரையான்:
அக்கா, அவளுக்கு ஆறுதல் சொல்ல இன்னொரு ஆள் இருந்தார். இவனுக்கு யாரும் இல்லை. ஆம்பளை அழுதால் நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? அடக்கி அடக்கி வைத்தது ஒருநாள் வெடித்தது.

பாகூர் பையன்:
அண்ணன் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதி குடி. சாயங்காலம் புதுச்சேரி எல்லையில் முள்ளோடை மதுக்கடைப் பக்கம் வந்து பாருங்கள், கடலூர் வண்டிதான் வரிசையாக நிற்கும். இன்னொன்று: கள்ள உறவுக்கு இருந்த சட்டத்தை எப்போது எடுத்தார்களோ அப்போதே பயம் போய்விட்டது. சட்டம் கேட்காவிட்டால் ஆள் கையில் எடுக்கத்தான் செய்வான்.

மஞ்சக்குப்பம் வக்கீல்:
தம்பி, நீங்கள் சொல்லும் அந்த இந்திய தண்டனைச் சட்டம் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27இல் ரத்து செய்தது. ஆனால் அந்தப் பிரிவு இருந்த காலத்திலும் மனைவியைத் தண்டிக்க அதில் வழியே கிடையாது. இன்னொருவன் மனைவியோடு உறவு வைத்த ஆணுக்கு மட்டும்தான் தண்டனை. கணவன் சம்மதித்திருந்தால் அதுவும் குற்றமில்லை! அதாவது சட்டம் காப்பாற்றியது கணவனின் உடைமையை. இந்து திருமணச் சட்டத்தில் இன்றைக்கும் இது விவாகரத்துக்குக் காரணம்தான். சட்டம் கேட்கவில்லை என்று சொல்லாதீர்கள். இவர் கேட்டாரா என்று கேளுங்கள்.

அப்புறம் அந்த 'வெடித்தது'. திடீரென்று கடுமையாகத் தூண்டப்பட்டு, தன்னை அடக்க முடியாத நிலையில் கொன்றால் அது கொலைக்கு ஒரு படி கீழே இறங்கும். பழைய சட்டத்தில் 300, இப்போது 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 101, முதல் விதிவிலக்கு. இதில் எல்லோரும் தொடுவது நானாவதி வழக்கு. 1959இல் பம்பாயில் கடற்படை அதிகாரி ஒருவர், மனைவியே உறவை ஒப்புக்கொண்ட பிறகு, அவளையும் பிள்ளைகளையும் சினிமாவுக்குக் கொண்டுபோய் விட்டார். கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கினார். அதன் பிறகுதான் அந்த ஆளைத் தேடிப்போய்ச் சுட்டார். ஜூரி எட்டுக்கு ஒன்று என்று விடுவித்தது. உயர் நீதிமன்றம் அதை மாற்றி ஆயுள் தண்டனை கொடுத்தது. 1961இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. வீட்டை விட்டுக் கிளம்பியது மதியம் ஒன்றரை, சுட்டது நாலு இருபது. மனசு ஆற அந்த நேரம் போதும் என்றது.

கெடிலக்கரையான்:
மனசு ஆற எத்தனை மணி நேரம் ஆகும் என்று கடிகாரம் வைத்துச் சொல்ல முடியுமா சார்? பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்கு இரண்டு வருடமாக ஆறவில்லையே.

மஞ்சக்குப்பம் வக்கீல்:
நியாயமான கேள்வி. சென்னை உயர் நீதிமன்றமே 1989இல் ஒரு வழக்கில் நீண்ட நாள் தொடர்ந்து வந்த தூண்டுதலையும் கணக்கில் எடுக்கலாம் என்றது. ஆனால் அங்கே குற்றவாளிக் கூண்டில் நின்றது யார் தெரியுமா? கணவன் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, தான் மட்டும் பிழைத்த ஒரு தாய். நல்லதங்காள் கதையையே தீர்ப்பில் சொன்னார்கள்.

உளவியல் மாணவி, புதுச்சேரி:
ஒரே சாவுக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகத் துக்கப்படுவது பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் குடும்பம் உடைந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் ஒரு விளக்கம் தந்தார்கள். துக்கத்தில் இருப்பவர் மனம் இரண்டு பக்கமும் போய்ப் போய் வரும். கொஞ்ச நேரம் இறந்தவரையே நினைத்து உருகும். கொஞ்ச நேரம் சமையல், வேலை, சம்பளம் என்று மிச்ச வாழ்க்கையைப் பிடித்துக்கொள்ளும். இந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியம். தம்பதிகளில் ஒருவர் முதல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டு, மற்றவர் இரண்டாவது பக்கம் நகர ஆரம்பித்தால், நகர்ந்தவர் மற்றவர் கண்ணுக்குத் துரோகியாகத் தெரிவார். அதற்குக் கள்ள உறவுகூடத் தேவையில்லை. சிரித்தாலே போதும்.

துக்கம் நோயாக மாறுவதும் உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கக் கோளாறு என்று தனியாகவே சேர்த்துவிட்டார்கள். ஆறு மாதம் தாண்டியும் ஆளை முடக்கிப்போடும் துக்கம் அது. கோபமும் பிறர்மேல் பழிபோடுவதும் அதன் குறிகளில் உண்டு. நினைவு நாள் நெருங்கும்போது எல்லாம் கூடும். கெடிலக்கரையான் அண்ணன் சொல்வதை அந்த அளவுக்கு ஏற்கிறேன். ஆளைக் கொல்வது மட்டும் எந்தப் பட்டியலிலும் துக்கத்தின் குறி இல்லை.

வண்டிப்பாளையத்துக்காரி:
சிரித்தாலே போதும் என்கிறீர்களே, அதற்காகத்தான் இப்போது எழுதுகிறேன். இவ்வளவு நேரம் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். செத்துப்போனவள் எனக்குத் தங்கை முறை.

துணிக்கடை வேலைக்குப் போன முதல் மாதம். அங்கே யாரையும் அவளுக்குத் தெரியாது. கூட வேலை பார்க்கும் பெண் கொடுத்தாள் என்று ஒரு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். "பொண்ணு செத்து வருசம் திரும்பல, அதுக்குள்ள தலையில பூவா" என்று எல்லோர் முன்னாலும் பிடுங்கி எறிந்தான். அப்புறம் பஸ் எத்தனை மணிக்கு, ஏன் பத்து நிமிஷம் லேட், போனில் யார், சம்பளத்தில் நூறு ரூபாய் எங்கே. அந்தத் தீபாவளிக்கு வந்தவள் கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றியபடியே இருந்தாள். சமையலறையில் வைத்து எடுத்துப் பார்த்தேன். நாலு விரல் தடம். பெரியவர்கள் கூடி, பிள்ளையைப் பறிகொடுத்தவன், நீதான் அனுசரித்துப் போகணும் என்று திருப்பி அனுப்பினார்கள். நான் சொல்கிற எதுவும் அந்தப் பழக்கத்துக்குப் பிறகு நடந்ததில்லை. முன்னால் நடந்தது. கோழி அறுக்கும் இடத்தில் நிற்க மாட்டான் என்றீர்களே அண்ணே, அது வெளியில் இருந்த ஆள்.

உளவியல் மாணவி, புதுச்சேரி:
அக்கா, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். அந்தக் கழுத்துத் தடத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அமெரிக்காவில் நான்சி கிளாஸ் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில், கணவனோ துணையோ முன்பு ஒருமுறை கழுத்தை நெரித்திருந்தால், பின்னாளில் அவன் கையால் அந்தப் பெண் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று வந்தது. அறைந்ததையும் கழுத்தைப் பிடித்ததையும் நாம் ஒரே சண்டையாகக் கணக்கு வைக்கிறோம். அது மரணத்துக்கு ஒத்திகை.

ஜேன் மங்க்டன் ஸ்மித் என்ற பிரிட்டன் குற்றவியல் அறிஞர் இப்படிப்பட்ட 372 கொலைகளை எடுத்துப் படிப்படியாகப் பிரித்தார். திடீர் ஆத்திரம் என்று சொல்லப்பட்டவற்றில் எட்டுப் படிகள் தெரிந்தன. அவற்றில் முக்கியமானவை: உறவில் கட்டுப்பாடு, பிறகு கட்டுப்பாடு கைநழுவும் ஒரு சம்பவம், மிரட்டல் ஏறுவது, நடுவில் ஒரு மனமாற்றம், பிறகு ஏற்பாடு, பிறகு கொலை. அந்த மனமாற்றம்தான் முக்கியம். அவளைத் திரும்பப் பெறுவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தவன், இனி யாருக்கும் இல்லாமல் செய்வது எப்படி என்று யோசிக்க ஆரம்பிக்கிறான். பெரும்பாலும் அது நடப்பது அவள் பிரிந்து போகிறேன் என்று சொன்ன சமயத்தில். அவள் அப்படிச் சொன்னாளா?

வண்டிப்பாளையத்துக்காரி:
சொன்னாள். திதி முடிந்ததும் பையனைக் கூட்டிக்கொண்டு பண்ருட்டியில் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று. திதி வரைக்கும் பொறுத்திருந்தது அவனுக்காகத்தான்.

பாகூர் பையன்:
சரி, இதையும் சொல்லுங்கள். மனைவி காதலனோடு சேர்ந்து கணவனைத் தீர்த்துக்கட்டும் செய்தி வராத நாளே இல்லை. அதற்கு யாரும் படி பிரித்துப் பார்ப்பதில்லையே?

உளவியல் மாணவி, புதுச்சேரி:
அதுவும் கொலைதான், யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் ஆள் அந்த வீட்டிலிருந்து வெளியே போகக் கொல்கிறார். இங்கே வெளியே போகாமல் தடுக்கக் கொல்கிறார். மனசு வேலை செய்யும் விதம் வேறு. செய்தி வருவதை வைத்து அளவு சொல்லவும் முடியாது. 2023இல் உலகம் முழுக்க சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் துணைவர் அல்லது குடும்பத்தார் கையால் கொல்லப்பட்டதாக ஐ.நா. மதிப்பிட்டது. இத்தனை வீட்டிலும் பிள்ளை செத்திருக்காது.

நீங்கள் குடியைச் சொன்னீர்களே, அது சரியான இடம். நாள்பட்ட குடியோடு சந்தேக நோய் சேர்ந்து வருவது மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்ப்பது. ஆதாரமே இல்லாமல் துணியை மோந்து பார்ப்பது, போனைத் தோண்டுவது. மருந்து உண்டு, கேட்கும். இந்த வழக்கில் ஒரு விசித்திரம்: சந்தேகம் முதலில் வந்தது, உறவு பிறகு வந்தது. அவர் பயந்தது நடந்துவிட்டதால் அவர் பயம் ஆரோக்கியமாக இருந்தது என்று ஆகிவிடாது.

ரிடையர்டு வார்டர்:
நான் ஜெயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த ஆளை எனக்குத் தெரியாது, பொதுவாகச் சொல்கிறேன். பெண்டாட்டியைக் கொன்றுவிட்டு வருகிறவன் உள்ளே பெரும்பாலும் நல்ல கைதி. பழைய கேஸ் இருக்காது. வம்புக்குப் போக மாட்டான். அமாவாசைக்குச் செத்தவளுக்காக ஒருவேளை சாப்பிடாமல் இருக்கிறவனைப் பார்த்திருக்கிறேன். அந்த அழுகை நடிப்பில்லை. உட்காரவைத்துக் கேட்டால், "கண்ணு மண்ணு தெரியல சார்" என்பான். அன்றைக்குக் காலையிலிருந்து சொல்லு என்றால் சொல்வான். கத்தி எங்கே வாங்கினது, கடைக்காரர் என்ன விலை சொன்னார், பிள்ளையை யார் வீட்டில் விட்டது. எல்லாம் ஞாபகம் இருக்கும். அந்த ஒரு நிமிஷம் மட்டும் இருக்காது. அவன் அதைப் பொய்யென்று நினைத்துச் சொல்வதில்லை, உள்ளே நாளாக நாளாக அதுவே அவனுக்கு நிஜமாகிவிடும்.

கெடிலக்கரையான்:
ஐயா, அன்றைக்குச் சாயங்காலம் பையனை நெல்லிக்குப்பத்தில் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறான். போலீஸ் இதைத்தான் திட்டமிட்டதற்கு ஆதாரம் என்கிறது. மனைவியோடு நிம்மதியாகப் பேசி முடிக்கலாம் என்றும் விட்டிருக்கலாம் இல்லையா? புருஷன் பெண்டாட்டி பேச வேண்டுமென்றால் நாமும் பிள்ளையை அனுப்பத்தானே செய்கிறோம்?

மஞ்சக்குப்பம் வக்கீல்:
அவர் தரப்பு வக்கீல் அப்படித்தான் கேட்பார், கேட்க வேண்டும். பையனை விட்டது இரண்டுக்கும் பொருந்தும். கத்தி வீட்டுக் காய்கறிக் கத்தியா, புதிதாக வாங்கியதா என்பதில்தான் வழக்கு நிற்கும்.

வண்டிப்பாளையத்துக்காரி:
நீங்கள் கத்தியைப் பாருங்கள். நான் காரியத்தைச் சொல்கிறேன். அவள் காரியத்துக்கு எங்கள் ஆட்களே பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் அவள் அம்மாவிடம் "என்ன இருந்தாலும் பொண்ணும் அப்படிப் போயிருக்கக் கூடாது" என்று காதில் போட்டுவிட்டுத்தான் போனார்கள். பேத்தி செத்தபோது மார்பில் அடித்துக்கொண்டு அழுத அந்தக் கிழவி, மகளுக்கு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவனுக்கு ஊரே துக்கம் விசாரிக்கிறது, இந்தத் திரி உட்பட.

உளவியல் மாணவி, புதுச்சேரி:
ஊர் அங்கீகரிக்காத துக்கம் என்று இதற்கே கென்னத் டோகா 1989இல் ஒரு தனி வகை வைத்தார். அழ உரிமை மறுக்கப்பட்டவர்களின் துக்கம் ஆறாமல் இழுக்கும். அந்த அம்மாவை யாராவது பார்த்துக்கொள்கிறார்களா? அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் போன் போட்டால் தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை.

மஞ்சக்குப்பம் வக்கீல்:
பையனுக்கு நஷ்டஈடு விண்ணப்பம் போட்டாயிற்றா? பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 396. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கொடுக்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, பையனின் பிறப்புச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியே போடலாம்.

கெடிலக்கரையான்:
இது எங்களுக்குத் தெரியாது சார். எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கிப் பாட்டி கையில் சேர்ப்பது என் பொறுப்பு. என் கட்சி மாறவில்லை, அவன் துக்கத்தில் உடைந்தவன்தான். அடுத்த வாரம் ஜெயிலுக்கு அவனைப் பார்க்க மனு போட்டிருக்கிறேன். அதை யாரும் தப்பாக எடுக்க வேண்டாம்.

வண்டிப்பாளையத்துக்காரி:
போய்ப் பாருங்கள் அண்ணே, வேண்டாம் என்று நான் யார் சொல்ல? பையனை மட்டும் கூட்டிப் போகாதீர்கள்.